லண்டனில் எங்களுக்கு ஓட்டு இருக்கிறது

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊர் அரசியலைப் பேசினால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ‘அங்க போய் செட்டில் ஆயிட்டீங்க, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை?’ என்பது ஒன்று. ‘அவ்வளவு அக்கறை இருந்தா திரும்பி வந்து போராடுங்க’ என்பது இன்னொன்று. சாதியைப் பற்றிப் பேசும்போது மட்டும் இந்த இரண்டும் ஒரே வாயிலிருந்து வருவதைக் கவனித்திருக்கிறோம். அதே ஆள் பொங்கல் விழா மேடையில் ‘கடல் கடந்தும் தமிழர்தான்’ என்று முழங்குவார். தமிழ்ப் பெருமைக்கு விசா தேவையில்லை. சேரிப் பிரச்சினைக்கு மட்டும் விமானம் ஏறி வந்து பேச வேண்டும்.

நாங்கள் கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹாமில், ஒரே வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம். கணவன் மனைவி இருவர், தம்பி முறையாகும் இருவர். நால்வருக்கும் உத்திரமேரூர் பக்கம்தான். இருவருக்கு மாகறல் காலனி. குழந்தைகள் நலத்துறையில் சமூகப்பணி, மருத்துவமனையில் செவிலியர், முதியோர் பராமரிப்பில் இரண்டு பேர். ஷிப்ட் மாறி மாறி வரும். நான்கு பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்காருவது வாரத்துக்கு ஒரு நாள் கிடைத்தால் அதிசயம். ஆனால் ஊர்ச் செய்தி நான்கு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்துவிடும்.

குளிர்காலத்தில் லண்டனுக்கும் ஊருக்கும் ஐந்தரை மணி நேர வித்தியாசம். காலை ஆறு மணிக்கு இங்கே கண் விழித்தால் அங்கே பதினொன்றரை. அன்றைக்கு நடக்க வேண்டியது பாதி நடந்து முடிந்திருக்கும். அரிசி டின்மேல் போனைச் சாய்த்து வைத்துத்தான் காலை டீ. இரவு எட்டு மணி விவாதங்களைப் பேருந்தில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறோம். கத்துவது எப்படியும் புரிந்துவிடுகிறது. செப்டம்பர் 27 சனிக்கிழமை கரூரில் 41 பேர் நெரிசலில் செத்த செய்தி வந்தபோது இங்கே மாலை வெளிச்சம்கூடப் போகவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் எண்ணிக்கை ஏற ஏறப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சேனலில் வரும் தமிழ்நாடு ஒன்று, அம்மாவின் போனில் வரும் தமிழ்நாடு வேறொன்று. 2025 டிசம்பரில் நூறு நாள் வேலைத் திட்டத்தையே எடுத்துவிட்டு வேறு பெயரில் வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். சேனல் முழுக்கக் காந்தி பெயர் போய்விட்டதே என்ற வருத்தம். புதுப் பெயரை உச்சரிக்க வருகிறதா இல்லையா என்ற கிண்டல். அம்மா கேட்டது ஒன்றுதான்: “நூத்தி இருபத்தஞ்சி நாளுன்றாங்க. நூறு நாளே எப்பக் குடுத்தாங்க? கூலி யாரு குடுப்பாங்களாம்?” புதுச் சட்டத்தில் செலவில் நூற்றுக்கு நாற்பது மாநிலத்தின் தலையில் விழுகிறது என்பதை நாங்கள் இங்கே ஆங்கிலத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். அம்மா படிக்காமலேயே சரியான இடத்தில் கை வைத்துவிட்டார்.

வேங்கைவயல் நடந்து 2025 டிசம்பரோடு மூன்று வருடம் முடிந்தது. 2022 டிசம்பர் 26. குடிநீர்த் தொட்டியில் மலம். முதல் வாரத்தில் எல்லாச் சேனலும் அங்கே நின்றன. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை போட்டபோது, அந்தத் தண்ணீரைக் குடித்த சமூகத்தைச் சேர்ந்த மூன்று பேர் பெயரே அதில் இருந்தது. அன்றைக்கு இங்கே இரவுப் பணியில் இருந்தவர் இடைவேளையில் கழிவறைக்குள் போய் நின்று செய்தி படித்துவிட்டு, திரும்பி வந்து ஒரு வெள்ளைக்காரப் பாட்டிக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார். வெளிநாட்டு வாழ்க்கை என்றால் இதுதான். கோபம் வரும் நேரத்துக்கும் கோபப்படக் கிடைக்கும் நேரத்துக்கும் நடுவே எட்டு மணி நேர ஷிப்ட் ஒன்று இருக்கும்.

கோபப்பட்டுப் பேசினாலும் அதன் விலையை நாங்கள் கொடுப்பதில்லை. தம்பிகளில் ஒருவர் போன வருடம் தன் கிராமத்துச் சுடுகாட்டுப் பாதை பற்றி ஒரு வீடியோவைப் பகிர்ந்தார். தன் கருத்தாக ஒரு வரிகூட எழுதவில்லை. மறுநாள் காலையில் அவருடைய அப்பாவை டீக்கடையில் நிறுத்தி, ‘பையன் லண்டன்ல நல்லாத்தானே இருக்கான், அப்படியே இருக்கச் சொல்லு’ என்று சொல்லியிருக்கிறார்கள். மிரட்டல் என்று புகார் கொடுக்க முடியாத அளவுக்கு மரியாதையான வாக்கியம். அப்பா தொலைபேசியில் எங்களிடம், “நீ போடு, நான் பாத்துக்கறேன்” என்றார். போடவும் செய்தோம். ஆனால் எங்களை விமானம் ஏறி வந்து பேசச் சொல்பவர்களுக்கு ஒன்று தெரிய வேண்டும். நாங்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறோம், டீக்கடையில் நிற்கும் எங்கள் அப்பாவாக.

லண்டன் மட்டும் சாதி இல்லாத ஊரா? ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் கருவேப்பிலை வாங்கும்போது, “ஊர்ல எந்தப் பக்கம்?” என்று ஆரம்பிப்பார்கள். காஞ்சிபுரம் என்றால் போதாது. மாகறல் என்றால், “ஓ, செய்யாத்தங்கரை, சம்பந்தர் பாடின கோயில் இருக்கே, கோயில் பக்கமா?” கோயில் பக்கம் இல்லை என்று சொன்னதும் பேச்சு வானிலைக்குப் போய்விடும். இந்த நாட்டுச் சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்க வேண்டும் என்று 2013-லேயே நாடாளுமன்றம் அரசைப் பணித்தது. 2018-ல் அரசு, தேவையில்லை, நீதிமன்றத் தீர்ப்புகளே போதும் என்று கைகழுவிவிட்டது. இதை இன்னொரு முறை விரிவாக எழுத வேண்டும். இப்போது சொல்ல வந்தது ஓட்டு.

அக்டோபர் 27 அன்று வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டுக்கும் என்று அறிவித்தார்கள். நவம்பர் 4-ல் வீடு வீடாகப் படிவம். நான்கு பேர் வீட்டிலும் அந்த மாதம் வேறு பேச்சே இல்லை. பழைய தீவிரத் திருத்தப் பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருக்கிறது, பாகம் எண் என்ன, வரிசை எண் என்ன என்று படிவம் கேட்கிறது. இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலில் காலனிப் பெயர்கள் எப்படி ஏறியிருக்கும் என்று தெரியாதா? பாட்டி பெயர் ஒரு அட்டையில் ஒரு மாதிரி, இன்னொன்றில் வேறு மாதிரி. கதவு எண் பழையது, புதியது. அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கணவர் பெயர். காலேஜ் படிக்கும் பையன்கள் இரண்டு பேர் சாயங்காலம் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்து தெருவில் முக்கால்வாசிப் பேருக்குத் தேடிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் முடிக்காத பெயர்களை வாட்ஸ்அப்பில் எங்களுக்கு அனுப்புவார்கள். அங்கே அவர்கள் தூங்கும்போது நாங்கள் இங்கே தேடுவோம். நேர வித்தியாசம் முதல் முறையாகப் பயன்பட்டது.

எங்கள் படிவமும் வந்தது. பி.எல்.ஓ.வாக வந்தவர் அங்கன்வாடிப் பணியாளர், அம்மாவுக்குத் தெரிந்தவர்தான். “புள்ளைங்க எப்பம்மா வருவாங்க?” “ரெண்டு வருசத்துக்கு ஒருவாட்டி.” “அப்ப வெளிநாடுன்னுதாம்மா எழுதணும். அவங்க அங்க இருந்து 6ஏ போடணும்.” அவர் சொன்னது சட்டப்படி சரி. அவர்மேல் ஒரு குறையும் இல்லை. இந்த வேலைக்கு நடுவில் அங்கன்வாடியும் நடத்திக்கொண்டு, இரவில் செயலியில் ஏற்றிக்கொண்டு அந்தப் பெண்கள் பட்ட பாட்டைத் தனியாக எழுத வேண்டும்.

டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தது. 6.41 கோடியாக இருந்த வாக்காளர்கள் 5.43 கோடி ஆனார்கள். 97.37 லட்சம் பெயர்கள் இல்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2.74 லட்சம். நீக்கப்பட்டவர்களின் பட்டியலைத் தனியாக, காரணத்தோடு போட்டிருந்தார்கள். இறந்தவர், இடம்பெயர்ந்தவர், இல்லாதவர் எல்லோரும் ஒரே பட்டியல். எங்கள் பெயர்களுக்கு இரண்டு வரி மேலே போன வருடம் காலமான பெரியப்பா இருந்தார். அம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். “நானு இங்கதானே கீறேன், என்னாத்துக்கு எம்புள்ளைங்களச் செத்தவங்களோட போட்டானுங்க?” என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்தப் பட்டியலில் சாதி எழுதவில்லை. ஆனால் ‘வீட்டில் இல்லாதவர்’ என்பது நடுநிலையான சொல்லா? சமூகவியல் வகுப்பில் இடம்பெயர்வு பற்றி எத்தனையோ கோட்பாடு படித்தோம். எங்கள் தெருவுக்கு ஒரே கோட்பாடு போதும்: நிலம் இருப்பவர் அதிகாரி வரும்போது வீட்டில் இருப்பார், நிலம் இல்லாதவர் வேலைக்குப் போயிருப்பார். செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போனவர்கள், ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கம்பெனி வேன் ஏறி அங்கேயே அறை எடுத்துத் தங்கியவர்கள், சென்னைக் கட்டட வேலைக்குப் போனவர்கள், கடைசியில் கடல் தாண்டிய நாங்கள். 1891-ல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதியபோது எங்கள் பகுதி அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த அறிக்கையிலிருந்துதான் பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த நிலம் எங்கள் கையில் தங்கியிருந்தால் எங்களில் எத்தனை பேர் ‘இல்லாதவர்’ ஆகியிருப்போம்?

இதையெல்லாம் எழுதும்போது உத்திரமேரூரை விட்டுவிட முடியாது. ஜனநாயகத்தின் தாய் என்று டெல்லி வரை பேசப்படும் ஊர். புதிய நாடாளுமன்றத்துக்கு 2020 டிசம்பரில் அடிக்கல் நாட்டியபோது பிரதமர் உத்திரமேரூர்க் கல்வெட்டைத்தான் எடுத்துச் சொன்னார். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்டவை. முப்பது குடும்பு, பனையோலையில் பெயர், குடம், சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வது, எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். குடத்துக்குள் போடும் ஓலையில் யார் பெயரை எழுதலாம் என்பதை மட்டும் டீச்சர் வேகமாகத் தாண்டிவிட்டார். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குக் கொடுத்த சதுர்வேதிமங்கலத்தின் சபை. எங்கள் முப்பாட்டன் அந்த மண்டபத்துக்குப் பக்கத்தில் போயிருந்தாலே என்ன ஆகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்வெட்டு வரலாற்றுக்குப் பெரிய ஆவணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதை எங்களுக்குத் தாய் என்று அறிமுகப்படுத்தாதீர்கள்.

எங்களுக்கு ஓட்டு வந்த வழி வேறு. அதில் ஒரு பகுதி இந்த லண்டனில்தான் நடந்தது. மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்தவர் தாத்தா இரட்டைமலை சீனிவாசன். உத்திரமேரூரிலிருந்து எட்டும் தூரம்தான். 1893-ல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தியவர். பிறகு ஆப்பிரிக்காவுக்குப் போய், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். அவரையும் ‘அங்க போய் செட்டில் ஆயிட்டார்’ என்றுதான் ஊரில் சொல்லியிருப்பார்கள். இருபது வருடம் போல வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பினார். 1923-ல் சென்னைச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு, அடுத்த வருடமே பொது வழி, பொதுக் கிணறு எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்தார். 1930-ல் அண்ணல் அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டுக்கு லண்டன் வந்தார். இருவரும் சேர்ந்து கொடுத்த கோரிக்கையில் தனித்தொகுதியோடு வயது வந்த எல்லோருக்கும் ஓட்டுரிமையும் இருந்தது. வரி கட்டுகிறவன், சொத்து வைத்திருக்கிறவன்தான் ஓட்டுப் போட முடியும் என்று இருந்த காலம். நிலமில்லாதவனுக்கும் ஓட்டு என்று இரண்டு தீண்டப்படாதவர்கள் பேரரசின் தலைநகரில் உட்கார்ந்து கேட்டார்கள்.

அதே ஊரில் எங்களுக்கு இன்றைக்கு நடப்பது வேடிக்கை. நாங்கள் இந்த நாட்டுக் குடிமக்கள் அல்ல, விசாவில் இருப்பவர்கள். அந்த விசா விதி எப்போது மாறும் என்று பயந்துகொண்டே இருப்பவர்கள். ஆனால் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் சட்டப்படி இங்கே வசித்தால் இவர்களுடைய பொதுத்தேர்தலில் ஓட்டுப் போடலாம். காலனி ஆட்சியின் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 4-ல் நாங்கள் போட்டோம். இரண்டு பேருக்குத் தபால் ஓட்டு வீட்டுக்கே வந்தது. சமையல்கட்டு மேசையில் வைத்து டிக் போட்டு, தெருமுனைத் தபால் பெட்டியில் போட்டார்கள். மற்ற இருவர் நேரில் போனார்கள். அடையாளத்துக்கு என்ன காட்டினார்கள் தெரியுமா? இந்திய பாஸ்போர்ட். அந்த அம்மா படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், சீட்டைக் கொடுத்தார். எந்தத் தெரு என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கு இரண்டரை மாதம் முன்னால், ஏப்ரல் 19-ல், காஞ்சிபுரம் தனித்தொகுதிக்கு ஓட்டுப்பதிவு நடந்தது. நாங்கள் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம். அதே நாளில் பரந்தூர் விமான நிலையத்துக்கு நிலம் கொடுக்க மாட்டோம் என்று போராடும் ஏகனாபுரம் மக்கள் தேர்தலைப் புறக்கணித்தார்கள். புறக்கணிக்கக்கூட ஓட்டு வேண்டும். ஏகனாபுரத்தின் காலிச் சாவடி செய்தியானது. நாங்கள் போடாத ஓட்டு எந்தக் கணக்கிலும் வராது.

சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. 2010-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தி, இந்தியக் குடியுரிமையை விடாத வெளிநாடுவாழ் ஆட்களும் வாக்காளர் ஆகலாம் என்றார்கள். 6ஏ படிவம் அதற்குத்தான். ஆனால் ஓட்டுப் போடும் நாளில் அசல் பாஸ்போர்ட்டோடு ஊர்ச் சாவடியில் போய் நிற்க வேண்டும். பதிலி ஓட்டு தரலாம் என்று ஒரு மசோதா 2018-ல் மக்களவையில் நிறைவேறி, அடுத்த வருடம் காலாவதியானது. தபால் ஓட்டு தரலாம் என்று 2020-ல் தேர்தல் ஆணையம் சொன்னது, அது அப்படியே கிடக்கிறது. 2024-ல் இந்தியா முழுக்கப் பதிந்திருந்த வெளிநாட்டு வாக்காளர்கள் 1,19,374 பேர். நேரில் வந்து போட்டவர்கள் 2,958. அதில் 2,670 பேர் கேரளம். வளைகுடாவிலிருந்து விமானத்தையே வாடகைக்கு எடுத்துப் போய்ப் போடுகிறார்கள். நம் சங்கங்கள் சினிமா நட்சத்திரத்தை இங்கே கூட்டிவர விமானம் போடும்.

அதற்காக நாளைக்கே தபால் ஓட்டு கொடுங்கள் என்று கோஷம் போடவும் எங்களால் முடியவில்லை. வீட்டில் இதில் சண்டையே நடக்கிறது. முதலில் வெளியே போனவர்கள் யார்? நிலத்தை விற்றோ அடகு வைத்தோ டிக்கெட் எடுக்க முடிந்தவர்கள். அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் நம் பிள்ளைகள் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறார்கள். தபால் ஓட்டு வந்தால் சாதிச் சங்கங்களின் வெளிநாட்டுக் கிளைகள்தான் முதலில் மூட்டை கட்டும். வளைகுடாவில் தொழிலாளர் முகாமில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் முதலாளி, ஓட்டுச் சீட்டை மட்டும் அவன் கையில் விட்டுவிடுவாரா? தூதரகத்தில் வைத்து, மறைப்புக்குப் பின்னால் தனியாகப் போட விடுங்கள் என்பது எங்களில் ஒருவரின் கட்சி. தூதரகம் வரை போக ஒரு நாள் கூலியை இழக்க யார் தயார் என்பது இன்னொருவரின் கட்சி. இரண்டும் நியாயம்தான். ஆனால், குறைந்தபட்சம், பணம் அனுப்பினால் ஊர்க்காரன், ஓட்டுக் கேட்டால் இடம்பெயர்ந்தவன் என்ற கணக்கை யாராவது எழுந்து கேட்க வேண்டாமா? எங்களைப் பிரதிநிதித்துவம் செய்வதாகச் சொல்லும் கட்சிகளில்கூட இதைப் பற்றி வாய் திறந்தவர்கள் குறைவு.

இப்போதைக்கு 6ஏ போட்டுக்கொண்டிருக்கிறோம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் எங்கள் வீட்டு ஹாலில் அதுதான் வேலை. ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க், இல்ஃபோர்ட் பக்கத்து நம் பிள்ளைகள் பாஸ்போர்ட்டோடு வருகிறார்கள். படம், விசா பக்கம், ஊர் முகவரி உள்ள பக்கம், அவ்வளவுதான், போனிலேயே முடிந்துவிடும். வரைவுப் பட்டியல்மீது உரிமை கோர முதலில் 2026 ஜனவரி 18 வரை நேரம் கொடுத்திருந்தார்கள். ஊரில் சூளைக்குப் போனவர்களுக்கும் கம்பெனி அறையில் இருப்பவர்களுக்கும் 6ஏ இல்லை, 6 போட வேண்டும். அதை அங்கே அந்த இரண்டு காலேஜ் பையன்களும் பார்த்துக்கொள்கிறார்கள். மறந்துவிடாதீர்கள், பெயர் நீக்கப்பட்டவர்கள் தாங்களாக எழுதிக் கொடுத்தால்தான் திரும்ப ஏறும்.

எங்கள் வீட்டிலேயே ஒரு சிக்கல். வெளிநாட்டு வாக்காளரை பாஸ்போர்ட்டில் உள்ள முகவரியில்தான் சேர்ப்பார்கள். சின்னத் தம்பி பாஸ்போர்ட் எடுத்தபோது வேளச்சேரியில் ஒரு வருடம் வாடகைக்கு இருந்தார். மாகறல் காலனியில் பிறந்து, அங்கேயே படித்து, அங்கேயே முதல் ஓட்டுப் போட்டவர் இப்போது சென்னை வாக்காளர் ஆகப்போகிறார். முகவரி மாற்ற வேண்டுமென்றால் தூதரகத்தில் புது பாஸ்போர்ட் எடுக்க வேண்டும். அதற்கு அடுத்த மாதச் சம்பளத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறார். அவருடைய விண்ணப்பம் மட்டும் இன்னும் போகவில்லை. மற்ற மூவரின் விண்ணப்ப எண்களை அம்மாவுக்குச் சொன்னோம். ரேஷன் கார்டு கவரின்மேல் எழுதிக்கொண்டார். மூன்றாவது எண்ணை இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னார்.